ஆராதனைக்கு விலக்கு உண்டு, நேரலைக்கு?

புதுதில்லி: குடியரசு தின விழாக்களின் நிறைவாக ஜனவரி 29-ஆம் தேதி மாலை விஜய் சௌக்கில் நடைபெறும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல்லாண்டுகளாக ஒரு கிறிஸ்தவப் பாடலின் மெட்டு ஒலித்து வந்தது. மகாத்மா காந்திக்குப் பிடித்தமான 'அபைட் வித் மீ' என்ற அப்பாடல் 2022-இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டு, கவி பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா இசையமைத்த 'ஏ மேரே வதன் கே லோகோ' சேர்க்கப்பட்டபோது தலைநகரில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் பலருக்கும் நினைவிருக்கலாம். அந்தச் சந்தடியில் ஒரு சிறு சட்டக் கேள்வி அடிபட்டுப் போயிற்று. நீக்கப்பட்ட பாடலை எழுதிய ஹென்றி பிரான்சிஸ் லைட் 1847-இல் மறைந்தவர். மெட்டமைத்த வில்லியம் ஹென்றி மங்க் மறைந்தது 1889-இல். அந்தப் பாடல் எவருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. சேர்க்கப்பட்ட பாடல் அப்படிப்பட்டதல்ல. பிரதீப் 1998-இல்தான் காலமானார். பாடலின் உரிமைத்தொகையைப் போரில் உயிர்நீத்த வீரர்களின் மனைவியருக்கு அவர் எழுதி வைத்ததும், அத்தொகை உரிய நிதிக்குச் சென்று சேர 2005-இல் மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்ததும் தனிக்கதை. பதிப்புரிமை உயிரோடு இருக்கும் பாடலை இசைக்க அரசு யாரிடம் அனுமதி பெற்றது?

யாரிடமும் பெறத் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில் 'இசட்-ஏ' என்று குறிக்கப்பட்ட கூறில் அதற்கு விலக்கு அளிக்கிறது. மத்திய அரசோ, மாநில அரசோ, உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அதிகாரபூர்வ விழாவில் ஒரு பாடலை நிகழ்த்துவதும், பொதுமக்களுக்குக் கொண்டு சேர்ப்பதும் உரிமை மீறல் ஆகாது. அதே வாக்கியத்தில், அரசு விழாவுக்கு முன்பாகவே, உண்மையான சமயச் சடங்கு ஒன்றின்போது பாடப்படுவதற்கும் இதே விலக்கு கூறப்பட்டுள்ளது. விஜய் சௌக்கின் ராணுவ இசைக்குழுவும், கூப்பிடு தூரத்திலுள்ள மீட்பின் பேராலயத்தின் ஞாயிறு ஆராதனையும் சட்டத்தின் ஒரே வரியில் நிழல் பெறுகின்றன.

இந்த நிழல் ஆலயத்தில் வைக்கப்பட்ட கேமரா வரை நீள்கிறதா என்பதே நாடெங்கும் உள்ள திருச்சபைகளின் நிர்வாகக் குழுக்கள் இன்று எதிர்கொண்டுள்ள கேள்வி.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது வழிபாட்டுத் தலங்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. போதகரின் கைப்பேசி வழியே தொடங்கிய நேரலை, ஜூன் 8-இல் கட்டுப்பாடுகளுடன் ஆலயங்கள் திறக்கப்பட்ட பிறகும் நிற்கவில்லை. படுக்கையில் இருக்கும் மூதாட்டிக்கும், வளைகுடா நாட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை உள்ள தொழிலாளிக்கும், ஐசாலை விட்டு தில்லிக்குப் படிக்க வந்த மாணவிக்கும் அது வாடிக்கையாகிவிட்டது. கூடவே வந்தது ஓர் அச்சம். பாடல் ஒன்றுக்கு யாரோ உரிமை கோருவதாக யூடியூபிலிருந்து அறிவிப்பு வரும். உரிமையாளரின் முறையான புகாரால் 90 நாள்களுக்குள் 3 எச்சரிக்கைகள் சேர்ந்துவிட்டால் அலைவரிசையே மூடப்படலாம். அடுத்த கூட்டத்தில் எவரேனும் ஒருவர், "ஒரு லைசென்ஸ் வாங்கிவிடலாமே" என்பார். எந்த லைசென்ஸ், யாரிடமிருந்து என்று பொருளாளர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்க வழி

இணையத்தில் தேடும் எவருக்கும் முதலில் கிடைப்பது அமெரிக்க விடைதான். அதன் பின்னணி சுவையானது. சிகாகோ கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பங்குகளில் பாடல் புத்தகங்களை அனுமதியின்றி நகலெடுத்ததாக ஒரு பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. 1984-இல் நடுவர் குழு விதித்த இழப்பீடு 30 லட்சம் டாலருக்கும் மேல். மேல்முறையீட்டில் அத்தொகை நிலைக்கவில்லை என்றாலும், பிறந்த பீதி நிலைத்துவிட்டது. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஒரு சபையின் இசைப் பொறுப்பாளராக இருந்த ஹோவர்ட் ரசின்ஸ்கி, பல பதிப்பகங்களின் அனுமதியை ஒரே கட்டணத்தில் வாங்கித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1988-இல் அது சி.சி.எல்.ஐ. என்ற நிறுவனமாயிற்று. வழிபாட்டுத் தலத்தில் ஆராதனையின்போது பாடுவதற்கு அமெரிக்கச் சட்டமும் விலக்கு அளிக்கிறது. ஆனால், அந்த விலக்கு 'வழிபாட்டுத் தலத்தில்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. ஆலயத்துக்கு வெளியே ஒளிபரப்புவதற்கு அது பொருந்தாது. எனவே நேரலைக்கெனத் தனி உரிமங்கள் விற்கப்படுகின்றன. சபையார் தாங்களே பாடுவதை ஒளிபரப்ப ஒன்று. இசைத்தட்டின் மூல ஒலிப்பதிவையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடுதல் கட்டணத்தில் மற்றொன்று. ஆராதனைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை.

தில்லியில் ஆங்கில ஆராதனை நடத்தி, அமெரிக்க, ஆஸ்திரேலியப் பதிப்பகங்களின் புதுப்பாடல்களை வாரந்தோறும் பாடும் சபைக்கு இத்தகைய உரிமம் பயனுள்ளதாக இருக்கக்கூடும். ஆனால் எந்த உரிமமும் அதை விற்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட பாடல்களுக்கு மட்டுமே செல்லும். மலையாளத்திலோ, மிசோவிலோ, தமிழிலோ ஒரு தனி மனிதர் எழுதி, தானே குறுந்தகடாக வெளியிட்ட பாடலுக்கு அமெரிக்க நிறுவனம் எப்படி அனுமதி தர இயலும்? அச்சத்தில் வாங்கப்படும் காகிதம் கணக்குத் தணிக்கையில் காட்டப் பயன்படுமே தவிர, வழக்கில் காக்காது.

'போது' என்ற சொல்

இந்தியச் சட்டத்தின் வாசகம் அமெரிக்காவைவிட ஒரு வகையில் தாராளமானது. இங்கு விலக்கு இடத்தைக் குறிக்கவில்லை; சடங்கைக் குறிக்கிறது. பாடலை நிகழ்த்துவது மட்டுமன்றி, 'பொதுமக்களுக்குக் கொண்டு சேர்ப்பது' என்பதும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது. மேலும், 2012-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இச்சொற்றொடருக்கான விளக்கத்தை விரிவாக்கியது. ஒரே நேரத்தில் பலரும் காண்பதும், அவரவர் தேர்ந்தெடுத்த இடத்திலும் நேரத்திலும் காண்பதும் அதில் அடங்கும். இணையத்தை மனத்தில் வைத்தே நாடாளுமன்றம் இந்த மாற்றத்தைச் செய்தது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால், ஆராதனை நடக்கும்போதே அது நேரலையாகச் செல்வதற்கு விலக்கு உண்டு என்று வலுவாக வாதிட முடியும்.

ஆனால் 'சடங்கின்போது' என்ற சொல்தான் கடிவாளம். ஞாயிறு காலை 9 மணிக்கு நடந்த ஆராதனையின் காணொளியைப் புதன்கிழமை இரவு ஒருவர் பார்த்தால், அது எந்தச் சடங்கின்போது? தவிரவும், விலக்கு நிகழ்த்துவதற்கும் கொண்டு சேர்ப்பதற்கும் மட்டுமே. பாடலை நகலெடுக்கும் உரிமை, அதை வைத்து ஒலிப்பதிவோ காட்சிப்பதிவோ செய்யும் உரிமை ஆகியவை 14-ஆவது பிரிவில் தனித்தனி உரிமைகளாகவே உள்ளன. அவை 'இசட்-ஏ'யில் இடம்பெறவில்லை. திரையில் பாடல் வரிகளைக் காட்டக் கணினியில் ஏற்றுவது முதல், நேரலை முடிந்ததும் அதை யூடியூபில் அப்படியே விட்டுவைப்பது வரை அனைத்தும் இந்த வேலிக்கு வெளியே நிற்பவை. பாடுவது வேறு, பதிவது வேறு. நேரலைக்கு உரிமம் தேடி அலையும் குழுக்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: அவர்களுக்கு ஆபத்து ஞாயிற்றுக்கிழமையில் இல்லை, திங்கட்கிழமையில் இருக்கிறது.

இதே பிரிவில் மற்றொரு பழைய விலக்கும் உண்டு. தொழில்முறை அல்லாத குழுவினர் கட்டணமில்லாத பார்வையாளருக்கு முன்போ, சமய நிறுவனம் ஒன்றின் நன்மைக்காகவோ பாடலை நிகழ்த்தலாம். கிறிஸ்துமஸ் கீத பவனிகளும் ஆலயக் கட்டட நிதிக்கான இசை நிகழ்ச்சிகளும் இதன் கீழ் வரும். ஆனால் இதிலும் நிகழ்த்துவதற்கு மட்டுமே அனுமதி, ஒளிபரப்புவதற்கு இல்லை.

சட்டத்தை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லாத மீறலுக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இருப்பினும், இது பிணையில் விட இயலாத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல் ஒன்றுக்காக ஒரு போதகரைக் கைது செய்வார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் வழக்கறிஞர் அறிவிப்பு ஒன்று வந்தால், அதில் இந்தத் தண்டனை கட்டாயம் எழுதப்பட்டிருக்கும்.

விற்பவர் யார்?

ஒரு பாடலில் குறைந்தது மூன்று உரிமைகள் அடங்கியுள்ளன: வரி, மெட்டு, ஒலிப்பதிவு. பாடகர் குழு தன் சொந்தக் குரலில், சொந்த ஆர்மோனியத்தோடு பாடினால் மூன்றாவது உரிமைக்கு அங்கே வேலையே இல்லை. குறுந்தகட்டின் பின்னணி இசையை ஓடவிட்டுப் பாடினால் ஒலிப்பதிவு நிறுவனமும் உள்ளே வந்துவிடுகிறது. யூடியூபின் தானியங்கிச் சோதனையில் மிக எளிதாகச் சிக்குவதும் இத்தகைய ஒலிப்பதிவுகளே. பின்னணித் தடத்தைக் கைவிட்டு ஒரு தபலா வாசிப்பவரைத் தேடிக்கொள்வது, பல சபைகளுக்கு எந்த உரிமத்தையும்விட மலிவான தீர்வாக இருக்கும்.

வரிக்கும் மெட்டுக்கும் உரிய சங்கம் ஐ.பி.ஆர்.எஸ். 1969-இல் தொடங்கப்பட்டு, 2017-இல் பதிப்புரிமைச் சங்கமாக மீண்டும் பதிவு பெற்றது. ஒலிப்பதிவுகளுக்கு 1941 முதல் இருப்பது பி.பி.எல்.; ஆனால் 2021-இல் ஒலிப்பதிவுக்கான பதிவைப் பெற்றது ஆர்.எம்.பி.எல். என்ற வேறொரு சங்கம். பதிவு பெறாத நிறுவனம் உரிமம் விற்கலாமா என்பதில் நீதிமன்றங்களே ஒத்த கருத்தில் இல்லை. கூடாது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமும், உரிமையாளர் என்ற முறையில் விற்கலாம் என்று 2024-இல் மும்பை உயர் நீதிமன்றமும் கூறின. பி.பி.எல். தொடர்பான வழக்கில் ஆர்.எம்.பி.எல். கட்டண விகிதத்தின்படியே தொகை செலுத்த வேண்டும் என்று 2025 ஏப்ரல் 15-இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, ஒரு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றம் அப்பகுதிக்குத் தடை விதித்தது. பெரிய உணவக நிறுவனங்களே மூத்த வழக்கறிஞர்களை வைத்து வாதாடும் இந்தக் களத்தில், காணிக்கைப் பணத்தில் இயங்கும் 150 குடும்பங்களின் சபை என்ன செய்யும்?

சில கேள்விகளையாவது கேட்கலாம். கட்டண விகிதத்தை வெளியிட வேண்டும் என்பது பதிவு பெற்ற சங்கங்களுக்குச் சட்டம் விதித்துள்ள கடமை. எனவே கட்டண அட்டவணையையும், எந்தெந்தப் பாடல்கள் தம்மிடம் உள்ளன என்ற பட்டியலையும் கேட்பதில் தவறில்லை. நேரலைக்கு மட்டுமா, சேமித்து வைக்கவும் சேர்த்தா, வெளிநாட்டில் பார்ப்பவர்களுக்கும் பொருந்துமா என்பதை எழுத்தில் பெற வேண்டும். ஆதாரமின்றி மிரட்டல் அறிவிப்பு வந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல 60-ஆவது பிரிவு வழி செய்கிறது. கட்டணம் மிகையானது என்று முறையிட முன்பு மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. 2021-இல் அது கலைக்கப்பட்ட பின் உயர் நீதிமன்றப் படியேற வேண்டும். சிறிய சபைக்கு அது நடைமுறையில் மூடிய கதவே.

அரசாணை போதாது

விலக்கின் எல்லையை அரசே விளக்கிவிட்டால் என்ன? முயன்று பார்த்துவிட்டார்கள். திருமண நிகழ்ச்சிகளும் சமயச் சடங்கில் அடங்கும் என்பது 'இசட்-ஏ'யின் விளக்கத்திலேயே உள்ளது. அதைச் சுட்டிக்காட்டி மத்திய தொழில் மேம்பாட்டுத் துறை 2019 ஆகஸ்டில் வெளியிட்ட அறிவிப்பை 2022-இல் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2023 ஜூலை 24-இல் துறை மீண்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதை ஒட்டி, திருமணங்களிலும் சமய விழாக்களிலும் இசைக்கு உரிமத்தொகை கேட்கக் கூடாது என்று 2024 ஜனவரியில் கோவா அரசு சுற்றறிக்கை அனுப்பியது. ஆகஸ்ட் 13-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதையும் ரத்து செய்தது. சட்டத்தின் பொருளை விரிக்கவோ சுருக்கவோ நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை. அது நாடாளுமன்றத்தின் வேலை, விளக்குவது நீதிமன்றத்தின் வேலை என்பதே இதன் சாரம்.

நாடாளுமன்றம் என்ன செய்தது? 2012-ஆம் ஆண்டுத் திருத்த மசோதா மே 17-இல் மாநிலங்களவையிலும், 22-இல் மக்களவையிலும் நிறைவேறியது. கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் ஆதரித்த அபூர்வமான மசோதாக்களில் அதுவும் ஒன்று. நியமன உறுப்பினராக இருந்த கவிஞர் ஜாவேத் அக்தர், பாடலாசிரியர்கள் தங்கள் உரிமையை ஒரு கையெழுத்தில் இழந்து வறுமையில் வாடும் நிலையை அவையில் எடுத்துரைத்தார். அதன் பயனாகத் திரைப்படப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தங்கள் பங்கை வாரிசுகளுக்கோ சங்கத்துக்கோ அன்றி எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்ற பாதுகாப்பு வந்தது. வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் நிர்ணயிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்தி எந்தப் பாடலையும் ஒலிபரப்பலாம் என்ற சட்டபூர்வ உரிமமும் அதே திருத்தத்தில் வந்ததுதான். இது இணையத்துக்கும் பொருந்தும் என்று 2016-இல் ஓர் அரசுக் குறிப்பு கூறியது. பொருந்தாது என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றத் தனி நீதிபதியும், 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்தனர். ஆக, நியாயமான ஒரு தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் வழி, விரும்பிக் கட்டத் தயாராக இருக்கும் ஆலயத்துக்கும் இல்லை. இணைய ஒலிபரப்பாளர்களையும் இதில் சேர்க்கலாம் என்று வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஜூலையில் பரிந்துரைத்தது. குழுவின் பார்வை வணிக நிறுவனங்கள் மீதே இருந்தது. பஜனை மடமோ, குருத்வாராவோ, தேவாலயமோ தன் வழிபாட்டை ஒளிபரப்புவது தனி வகை என்பதை நிலைக்குழு தவிர்த்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இது கிறிஸ்தவர்களின் கவலை மட்டுமல்ல. அமிர்தசரஸ் பொற்கோயிலின் குர்பானி ஒளிபரப்பு யாருக்கு உரியது என்பது பஞ்சாப் அரசியலையே உலுக்கியது. 2023 ஜூனில் சட்டப்பேரவை இதற்கெனத் திருத்த மசோதாவை நிறைவேற்றியதும், மறுமாதமே சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி தனது யூடியூப் அலைவரிசையைத் தொடங்கியதும் தெரிந்ததே. பல நூற்றாண்டு பழமையான குர்பானிக்குப் பதிப்புரிமை இல்லை. அங்கே போட்டி முழுவதும் ஒளிபரப்பு உரிமைக்காக.

பாட்டின் வயது

பழைய பாடல்களைப் பாடும் சபைகளுக்கும் இந்த அனுகூலம் உண்டு. இந்தியாவில் எழுதியவர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். முன்பு 50 ஆண்டுகளாக இருந்ததை, தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாகவிருந்த தருணத்தில், 1992-ஆம் ஆண்டின் திருத்தம் உயர்த்தியது. தில்லியின் தமிழ்ச் சபைகளில் பாடப்படும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு (மறைவு 1864) எவரும் உரிமை கோர முடியாது. பஞ்சாபி சபைகள் பாடும் இமாமுதீன் ஷாபாஸின் (மறைவு 1921) சங்கீதப் பாக்களும் அவ்வாறே. மிசோ கவிஞர் ரோகுங்கா மறைந்தது 1969-இல். அவர் பாடல்களின் உரிமை 2029 இறுதி வரை வாழும். உலகெங்கும் பாடப்படும் 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' பாடலின் ஸ்வீடிஷ் மூலத்தை எழுதிய கார்ல் போபர்க் 1940-இல் மறைந்தவர். அது இங்கு என்றோ பொதுச் சொத்து. ஆனால் ஆங்கில வடிவம் தந்த ஸ்டூவர்ட் ஹைன் 1989-இல்தான் மறைந்தார். ஆங்கில வரிகளுக்கு 2049 வரை உரிமை உண்டு. மொழிபெயர்ப்புக்கும் புதிய இசைக்கோவைக்கும் தனி உரிமை இருப்பதைப் பாமாலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். (காப்புரிமை என்று நாளேடுகள் எழுதுவது பெரும்பாலும் பதிப்புரிமையையே; காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது.)

ஓர் ஆண்டில் ஒரு சபை திரும்பத் திரும்பப் பாடும் பாடல்களைக் குறித்து, ஆசிரியர் பெயரையும் மறைந்த ஆண்டையும் எழுதிப் பார்த்தால் பட்டியலின் பெரும்பகுதி அடிபட்டுவிடும். எஞ்சுபவற்றில் ஆங்கிலப் பாடல்களுக்கு உரிய வெளிநாட்டு உரிமத்தையும், சங்க உறுப்பினர்களின் பாடல்களுக்குச் சங்கத்தையும் அணுகலாம். உயிரோடிருக்கும் இந்திய மொழிப் பாடலாசிரியர்கள் எல்லாரும் சங்கத்தில் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுக்கு ஒரு கடிதமும், இயன்ற ஒரு தொகையும் அனுப்பி எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவதே சட்டப்படி செல்லத்தக்க உரிமம். எழுத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் 30-ஆவது பிரிவின் நிபந்தனை.

இதற்கெல்லாம் ஆள்பலம் இல்லாத சபைக்கு மற்றொரு வழி எஞ்சியுள்ளது. ஆராதனை முழுவதையும் நேரலையில் காட்டிவிட்டு, முடிந்ததும் பாடல்களை வெட்டி நீக்கி, வேதபாடத்தையும் பிரசங்கத்தையும் மட்டும் சேமித்து வைப்பது. சட்டத்தின் கண்ணில் இதுவே மிகவும் பத்திரமான ஏற்பாடு. ஞாயிறன்று பணியில் இருந்துவிட்டு மறுநாள் இரவில் காணொளியைத் திறக்கும் செவிலியருக்கு, அன்று சபையார் பாடிய பாட்டு மட்டும் கேட்காது.